ஒன்பதாம் நம்பர் போத்தல்

"ஹேர் கனகா, ஒன்பதாம் நம்பருக்கு நீங்கள் என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள்?"

டாக்டர் ஹார்ட்விக் தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது கனகலிங்கம் எழுபது பேருக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தார். மசிப்பதை நிறுத்தினார்.

"எல்லாருக்கும் குடுத்ததைத்தான் டாக்டர், அவருக்கும் குடுத்தேன்."

"மற்றப் பதின்மூன்று பிள்ளைகளுக்கும் சரியாக இருக்கிறது. ஒன்பதாம் நம்பரின் சிறுநீரில் மட்டும் கால்சியம் மூன்று மடங்கு."

டாக்டர் பேசியது ஜெர்மன். கனகலிங்கம் பதில் சொன்னதும் ஜெர்மன்தான் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். இலங்கையிலிருந்து ஜெர்மனிக்கு வந்து இருபத்தெட்டு வருடமாகியும் அந்த மொழியில் எது ஆண்பால் எது பெண்பால் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. ஜெர்மன்காரர்களுக்கும் அவருடைய பெயர் பிடிபடவில்லை. பாதியில் வெட்டி, 'திரு' என்பதற்கு அவர்கள் சொல்லும் 'ஹேர்' சேர்த்து, 'ஹேர் கனகா' ஆக்கிவிட்டார்கள். இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு போனார்கள்.

டார்ம்ஸ்டாட் நகரத்தில் இருந்த ஓர் இளைஞர் விடுதியில் அவர் பதினாறு வருடமாகத் தலைமைச் சமையல்காரர். அந்தக் கோடையில், பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் படிக்கும் பதினாலு சீனப் பிள்ளைகள் வயலினும் செல்லோவுமாக மூன்று வாரம் தங்க வந்திருந்தார்கள். எல்லாரும் பதினாலுக்கும் பதினாறுக்கும் இடைப்பட்ட வயது. கடைசிச் சனிக்கிழமை நகர மண்டபத்தில் அவர்களுடைய கச்சேரி.

டாக்டர் ஹார்ட்விக் குழந்தைகளின் சிறுநீரக வைத்தியர். பிள்ளைகள் வந்த அன்றைக்கே அவர் சமையலறைக்கு வந்து விளக்கமாகச் சொன்னார்.

"சிறுநீரில் கால்சியம் எவ்வளவு இருக்கலாம் என்று எங்களிடம் ஓர் அட்டவணை இருக்கிறது. ஆனால் அது ஐரோப்பியப் பிள்ளைகளை அளந்து போட்டது. நாளைக்கு ஒரு சீனப் பிள்ளை என்னிடம் வந்தால் அதற்குக் கூடவா குறைவா என்று எதை வைத்துச் சொல்வேன்? அதனால்தான் நோய்நொடி இல்லாத இந்தப் பிள்ளைகளை அளக்கப் போகிறேன். பெற்றோர் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்."

ஏற்பாடு எளிதானது. மூன்று செவ்வாய்க்கிழமை. ஒவ்வொரு பிள்ளைக்கும் நம்பர் எழுதிய ஒரு பெரிய போத்தல். செவ்வாய் காலையிலிருந்து புதன் காலை வரை போகிற சிறுநீர் முழுவதையும் அதில் பிடிக்க வேண்டும். எந்த நம்பர் எந்தப் பிள்ளை என்ற பட்டியல் அவர்களுடைய ஆசிரியர் வூவிடம் மட்டும் இருக்கும்.

"உங்களுடைய வேலைதான் முக்கியம், ஹேர் கனகா. வழக்கம்போலச் சமையுங்கள். பிள்ளைகள் சாப்பிடுவதை எல்லாம் ஒன்றுவிடாமல் இந்தக் கொப்பியில் எழுதுங்கள். எதையும் மாற்றக் கூடாது."

ஒரு டாக்டர் தன் சமையலை 'முக்கியம்' என்று சொன்னது கனகலிங்கத்தின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது டிராமில் நின்றுகொண்டே போனார். பக்கத்தில் இரண்டு இருக்கை காலியாக இருந்தது.

இப்போது ஒன்பதாம் நம்பர்.

"பயப்பட வேண்டாம்," என்றார் டாக்டர். "ஒரு தடவை கூடினால் ஒன்றுமில்லை. அடுத்த செவ்வாயும் இப்படியே வந்தால் அந்தப் பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்து முழுதாகப் பார்க்க வேண்டும். பாவம், கச்சேரியில் வாசிக்க முடியாது. நீங்கள் எழுதாமல் விட்ட சாப்பாடு ஏதாவது உண்டா?"

"இல்லை," என்றார் கனகலிங்கம்.

உண்டு.

*

"இஞ்சாருங்கோ, முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?" என்று கேட்டாள் அவர் மனைவி சுலோஜனா.

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாட்டி ஏன் தேத்தண்ணிக்கு உப்புப் போடுறியள்?"

கனகலிங்கம் கரண்டியை வைத்தார். "சுலோ, எள்ளிலை கால்சியம் இருக்கெண்டு உனக்குத் தெரியுமே?"

"எள்ளிலை எண்ணெய் இருக்கெண்டு தெரியும்."

"பாலை விடப் பல மடங்கு கால்சியமாம். இப்பதான் போனிலை பாத்தனான். நீ கட்டித் தந்த எள்ளுருண்டையை நான் செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளையளுக்குக் குடுத்திட்டன். கொப்பியிலை எழுதேல்லை."

"ஏன் குடுத்தனீங்கள்?"

"ஒரு பெட்டை வந்து பாத்துக்கொண்டு நிண்டது. ஒண்டு குடுத்தன். பேந்து பாத்தால் ஒரு வரிசையே நிக்குது."

"நான் உங்களுக்கெண்டு கட்டித் தந்தனான். சீனத்துப் பிள்ளையளுக்கே கட்டித் தந்தனான்?"

"இப்ப அதில்லைப் பிரச்சினை. அதிலை ஒண்டு கனக்கத் திண்டிட்டுது. அதுதான் ஒன்பதாம் நம்பர். டாக்டரிட்டைச் சொன்னால், எழுதச் சொன்ன கொப்பியிலை பொய் எழுதினனான் எண்டாகும். சொல்லாட்டி, ஒரு சுகமான பிள்ளையைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியிலை போட்டிடுவினம்."

சுலோஜனா யோசித்தாள். "ஆர் அந்தப் பிள்ளையெண்டு கண்டுபிடிச்சு, அதுக்கு மட்டும் பாலையும் சீஸையும் குறைச்சு விடுங்கோ. சரியாப் போயிடும்."

அந்த யோசனை சொல்லப்பட்டபோது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

*

மறுநாள் காலைச் சாப்பாட்டு வரிசையில், முன்பு எள்ளுருண்டைக்கு முதலில் வந்து நின்ற பெண்ணைக் கனகலிங்கம் ஓரமாகக் கூப்பிட்டார். சின்யி என்று பெயர். பதினைந்து வயது, வட்டக் கண்ணாடி, முதல் வயலின். அவள் பேசிய ஜெர்மன் கனகலிங்கத்தின் ஜெர்மனைவிடத் திருத்தமாக இருந்தது.

"உன்னுடைய போத்தல் என்ன நம்பர்?"

"மூன்று."

"ஒன்பது யார்?"

சின்யி கண்ணாடியைத் தூக்கிவிட்டாள். "எதற்குக் கேட்கிறீர்கள், ஹேர் கனகா?"

"ஒருவருக்கும் சொல்லாதே. ஒன்பதாம் நம்பரில் கால்சியம் கூட. அடுத்த செவ்வாயும் கூடினால் மருத்துவமனை. கச்சேரி இல்லை. எனக்கு ஆளைச் சொன்னால் நான் ஒரு வழி பண்ணுவேன்."

சின்யி கொஞ்ச நேரம் பாணில் பட்டரைப் பூசினாள். மிகவும் சீராக, ஓரம் வரைக்கும் பூசினாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள். "ஆனால் யோசிக்கிறேன்."

நல்ல பிள்ளை என்று கனகலிங்கம் நினைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த நாளும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. செவ்வாய் நெருங்கியது. ஆளைத் தெரியாவிட்டால் எல்லாருக்கும் குறைப்பது ஒன்றுதான் வழி.

செவ்வாய்க்கிழமை காலை மேசையில் பால் இல்லை. சீஸ் இல்லை. தயிர் இல்லை. தண்ணீர்கூட இல்லை. தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படிவதைப் பார்த்துவிட்டு, அதற்குப் பதில் ஆப்பிள் சாறு வைத்திருந்தார்.

அவருக்குக் கீழே வேலை செய்த யூட், மன்னார்க்காரர், பத்து வருடமாக இந்தச் சமையலறையில் நிற்பவர், எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அண்ணை, சைக்கிள்காரர் சீஸ் கேக்கினம்."

விடுதியில் அந்த இரண்டு வாரமும் ஓய்வுபெற்ற ஜெர்மன்காரர்களின் சைக்கிள் குழு ஒன்றும் தங்கியிருந்தது. இருபத்திரண்டு பேர். எல்லாருக்கும் எழுபது வயது தாண்டியிருந்தது. எல்லாருடைய காலும் மரம் மாதிரி இருந்தது.

"லொறி வரேல்லை எண்டு சொல்லும்."

"சொன்னனான். ஜெர்மனியிலை காலமைச் சாப்பாட்டுக்குச் சீஸ் இல்லையெண்டால் என்ன அர்த்தம் எண்டு ஒரு அம்மா கேட்டவ. எனக்குப் பதில் தெரியேல்லை."

பதில் கிடைக்காத அந்த அம்மா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் நாலு கிலோ சீஸோடு திரும்பி வந்தார். வந்தவர் தன் குழுவுக்கு மட்டும் வெட்டிக் கொடுத்திருந்தால் பரவாயில்லை. பக்கத்து மேசையில் ஆப்பிள் சாற்றோடு உட்கார்ந்திருந்த வெளியூர்ப் பிள்ளைகளைப் பார்த்தார். மனம் பொறுக்கவில்லை. ஆளுக்கு இரண்டு பெரிய துண்டு.

கனகலிங்கம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார். பதினாலு பிள்ளைகளும் எழுந்து நின்று அந்த அம்மாவுக்குத் தலை குனிந்து நன்றி சொன்னார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் சாப்பிட்டார்கள்.

"யூட்," என்றார். "நான் துலைஞ்சன்."

*

டாக்டர் ஹார்ட்விக் இந்தத் தடவை தொலைபேசியில் பேசவில்லை. நேரிலேயே வந்தார். கையில் ஒரு தாள்.

"உட்காருங்கள், ஹேர் கனகா."

கனகலிங்கம் வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"ஒன்பதாம் நம்பர் இறங்கிவிட்டது."

கனகலிங்கம் கடவுளே என்று மூச்சுவிட்டார்.

"மற்றப் பதின்மூன்றும் ஏறிவிட்டது."

மூச்சு பாதியில் நின்றது.

"கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. ஆபத்தான அளவு இல்லை. ஆனால் பதினாலு போத்தலிலும் ஒரே அளவு. புள்ளிக்குப் பிறகு வரும் எண்கூட ஒன்று. முதலில் இயந்திரம் பழுது என்று நினைத்தேன். திறந்து பார்த்தோம், பழுதில்லை. மறுபடி போட்டோம், அதே எண். இருபத்திரண்டு வருடத்தில் நான் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. இந்தச் சமையலறையில் என்ன நடந்தது?"

இனி மறைக்க முடியாது. எள்ளுருண்டையில் தொடங்கி, பால், தயிர், கேத்தல் சுண்ணாம்பு, சைக்கிள் அம்மா, நாலு கிலோ சீஸ் வரைக்கும் கனகலிங்கம் ஒப்புவித்தார். சின்யியிடம் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. அதில் ஒன்றும் நடக்கவில்லையே, எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டார்.

டாக்டர் கோபத்தில் சிவந்தார். பிறகு சிவப்பு மெல்ல மெல்ல வடிந்தது. தாளை மறுபடி பார்த்தார்.

"ஆளுக்கு இரண்டு துண்டு சீஸ் என்றா சொன்னீர்கள்? எல்லாருக்கும் ஒரே அளவா?"

"அந்த அம்மா தராசு மாதிரி வெட்டினவ."

"சாறும் ஒரே அளவா?"

"ஒரே கோப்பைதான்."

டாக்டர் எழுந்து அங்குமிங்கும் நடந்தார். "இருக்க முடியாது. உணவைச் சமமாகக் கொடுத்தால் ஒரே நாளில் எல்லா உடம்பும் சமமாகிவிடுமா? இருக்கவே முடியாது." கதவுவரை போய்த் திரும்பினார். "ஆனால் இயந்திரம் பொய் சொல்லாது. ஹேர் கனகா, மூன்றாவது செவ்வாயை நாம் ஒழுங்காகச் செய்வோம். பால் உண்டு, சீஸ் உண்டு, தண்ணீர் உண்டு. ஆனால் எல்லாம் கிராம் கணக்கில். ஒருவருக்கு ஒரு பட்டாணிகூடக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

*

மூன்றாவது செவ்வாயைக் கனகலிங்கம் வாழ்நாளில் மறக்கமாட்டார். கேக் செய்யும் சின்னத் தராசை எடுத்துவைத்து, பதினாலு சாப்பாட்டுக் கோப்பையிலும் சோற்றை நிறுத்தார். ஒரு கோழித் துண்டில் ஏழு கிராம் கூடியது. அதை வெட்டினார். இன்னொன்றில் மூன்று கிராம் குறைந்தது. வெட்டியதை அதில் வைத்தார்.

"அண்ணை, இது நகைக்கடை மாதிரிக் கிடக்கு," என்றார் யூட்.

"கதையாதையும். பட்டாணியை எண்ணும்."

"எண்ணிப்போட்டன். முப்பத்தாறு."

"அங்காலை அந்தக் கோப்பையிலை?"

"முப்பத்தேழு."

"ஒண்டை எடும்."

யூட் எடுத்தார். வைக்க இடமில்லாமல் வாயில் போட்டார்.

பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நிறுத்துக் கொடுத்த சோறு வளரும் பிள்ளைகளுக்குப் போதுமா? மத்தியானமே ஒரு தடித்த பையன், செல்லோ வாசிப்பவன், வெறுங்கோப்பையோடு வந்து நின்றான். லீ ஹான் என்று பெயர். கனகலிங்கம் தன் வாழ்க்கையில் பசி என்று வந்த பிள்ளைக்கு இல்லையென்று சொன்னது கிடையாது.

"நாளைக்கு," என்றார். "நாளைக்குக் காலமை நீ என்ன கேட்டாலும் தருவேன்."

புதன்கிழமை காலை டாக்டரின் ஆட்கள் வந்து பதினாலு போத்தலையும் கொண்டுபோனார்கள். அவர்கள் போன பிறகு லீ ஹான் ஒன்பது முட்டை சாப்பிட்டான்.

அன்று மாலையே தொலைபேசி வந்தது.

"ஹேர் கனகா!" டாக்டர் கத்தினார். "பதினாலும் ஒன்று! மறுபடியும் ஒரே எண்!"

கனகலிங்கத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முப்பத்தாறு பட்டாணி வீண்போகவில்லை.

"நான் ஒரு கட்டுரை எழுதப் போகிறேன்," என்றார் டாக்டர். "இது சீனப் பிள்ளைகளைப் பற்றியது மட்டுமல்ல, மனித உடம்பைப் பற்றியது. கட்டுரையின் முடிவில் நன்றி என்று போட்டு உங்கள் பெயரைச் சேர்ப்பேன். முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டி அனுப்புங்கள்."

கனகலிங்கம் அனுப்பினார். 'கனகா' என்று போட்டுவிடக் கூடாது என்று இரண்டு தரம் அனுப்பினார். சுலோஜனா தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் குழுவில் செய்தி போட்டாள். அரை மணி நேரத்தில் நாற்பத்தொரு பேர் வாழ்த்துச் சொன்னார்கள். அதில் பாதிப் பேர் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்ட பாதிப் பேருக்கு அவள் 'விஞ்ஞானம்' என்று மட்டும் பதில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை இன்னுமொரு நல்ல செய்தி. சாப்பாட்டு மண்டபத்துக் குப்பைவாளியைத் துப்பரவாக்கும்போது யூட் ஆறு வெற்றுக் குழாய்களைக் கண்டெடுத்தார். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் கால்சியம் மாத்திரைக் குழாய்கள். ஆசிரியர் வூவிடம் காட்டினார்கள்.

"ஐயோ, இது லீ ஹானுடையது," என்றார் வூ. "உயரமாக வளர வேண்டுமென்று அவனுடைய அம்மா பெட்டியில் வைத்து அனுப்பியது. நாளுக்கு ஒன்று குடிக்கச் சொன்னார். ஆரஞ்சு ருசியாக இருக்கிறது என்று இவன் சோடா மாதிரிக் குடித்திருக்கிறான்." பட்டியலைப் பார்த்தார். "ஆமாம். ஒன்பதாம் நம்பர்."

எள்ளுருண்டை குற்றவாளி இல்லை! கனகலிங்கம் உடனே டாக்டருக்குத் தொலைபேசி எடுத்தார். டாக்டர் வந்து லீ ஹானை இருத்திப் பரிசோதித்தார். வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்தும் பார்த்தார். கல்லுமில்லை, கட்டியுமில்லை, எருமை மாதிரி ஆரோக்கியம். மாத்திரையை மட்டும் பறிமுதல் செய்தார்.

வெளியே வந்தவர் திடீரென்று நின்றார்.

"ஆனால் ஹேர் கனகா, இரண்டாவது வாரமும் மூன்றாவது வாரமும் அவன் இந்த மாத்திரையைக் குடித்திருக்கிறானே? அப்படியிருந்தும் அவனுடைய அளவு மற்றவர்களோடு சமமாக வந்திருக்கிறதே?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"உங்களுடைய சமையல் அதையும் சமன் செய்துவிட்டது," என்றார் டாக்டர், மிக மெதுவாக.

*

சனிக்கிழமை கச்சேரியில் பதினாலு பேரும் வாசித்தார்கள். லீ ஹான் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். முதல் வரிசையில் டாக்டரும், கனகலிங்கமும், பட்டுச்சேலை கட்டிய சுலோஜனாவும் இருந்தார்கள். கை தட்டித் தட்டி உள்ளங்கை எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரிவு விருந்து. விருந்தென்றால் கனகலிங்கத்துக்கு ஒடியல் கூழ்தான். நண்டு, இறால், மீன்தலை, பயற்றங்காய், கீரை எல்லாம் போட்டு, பனங்கிழங்கு மாவில் தடிப்பாகக் காய்ச்சுவது. சுலோஜனா முதல்நாளே மாவை ஊறவைத்திருந்தாள். காய்ச்சுவதற்கு, வருடத்தில் ஒரு தடவை விழாக்களுக்கு மட்டும் எடுக்கும் மிகப் பெரிய எவர்சில்வர்ப் பானையை நிலவறையிலிருந்து தூக்கி வந்தார்கள். வழக்கமாகத் தூசி படிந்து கிடக்கும் பானை இந்தத் தடவை கண்ணாடி மாதிரி மின்னியது. யூட் தேய்த்திருப்பார் என்று கனகலிங்கம் நினைத்தார். கனகலிங்கம் அண்ணை தேய்த்திருப்பார் என்று யூட் நினைத்தார்.

கூழ் திறமாக வந்தது. சைக்கிள் அம்மா ஒரு கோப்பை குடித்துவிட்டு மூக்கைச் சிந்தினார், இன்னுமொரு கோப்பை கேட்டார். வூ மூச்சுவிடாமல் குடித்தார். டாக்டர் ஹார்ட்விக் மூன்றாவது கோப்பையில் இருந்தார்.

"இதில்கூடக் கால்சியம் இருக்குமே, ஹேர் கனகலிங்கம்?" என்றார். முழுப் பெயரையும் சொன்னார்.

"நண்டு இருக்குதே டாக்டர், இல்லாமல் போகுமே?" என்று சிரித்தார் கனகலிங்கம். அவருக்கு மனம் நிறைந்திருந்தது. பிள்ளை சுகம், கச்சேரி சுகம், பெயர் அச்சில் வரப்போகிறது. தானும் ஒரு கோப்பை ஊற்றிக் குடித்தார்.

அப்போதுதான் கவனித்தார். பிள்ளைகளின் நீண்ட மேசையில் பதினாலு கோப்பையும் நிரம்பியபடியே இருந்தன. ஒருவரும் தொடவில்லை. எல்லாரும் வெறும் பாணைச் சாப்பிட்டுக்கொண்டு, மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது முட்டை சாப்பிட்ட லீ ஹான்கூட.

கனகலிங்கம் சின்யியிடம் போனார். "ஏன் பிள்ளை, உங்களுக்கென்றுதானே காய்ச்சினேன்? உறைப்பும் குறைச்சுத்தானே போட்டேன்?"

சின்யி லீ ஹானைப் பார்த்தாள். லீ ஹான் பாணைப் பார்த்தான். அவள் எழுந்து நின்று, மூன்று வாரமாகப் பழகிய மரியாதையோடு தலை குனிந்தாள்.

"மன்னிக்க வேண்டும், ஹேர் கனகா. ஒன்பதாம் நம்பரை மருத்துவமனைக்குக் கொண்டு போய்விடக் கூடாது என்று, கடைசி இரண்டு தடவையும் பதினாலு பேருடையதையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கிச் சமமாகப் பங்கு போட்டது இந்தப் பானையில்தான். மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் வைத்தோம், ஆனாலும் எங்களுக்கு ஒரு மாதிரி இருக்கிறது."